டனலில் நன்றாகப் பறக்கிறீர்கள், சரி. உயரத்தை யார் பார்ப்பது?

ஸ்கைடைவிங்கில் (விமானத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பது) முதல் நிலையான ஏ உரிமம் வாங்கிச் சில மாதங்களே ஆன இன்னொருவர் போன வாரம் கணுக்காலை உடைத்துக்கொண்டார். கீழிருந்து காற்றை அடித்து ஆளை மிதக்கவைக்கும் விண்ட் டனலில் அவர் பறப்பதைப் பார்த்தால் புதியவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தலைகீழாக, அசையாமல் நிற்பார். அன்று கேனப்பி (பாராசூட்டின் குடைத்துணி) நல்லபடியாக விரிந்தது, காற்றும் மிதம்தான். தரைக்கு மிக அருகில் வந்தபிறகு, எதிரே நின்ற ஆளிடமிருந்து விலக ஒரு பக்க டாகிளை (கேனப்பியைத் திருப்பும் கைப்பிடி) முழுக்க இழுத்துவிட்டார். அப்படி இழுத்தால் கேனப்பி திரும்புவதோடு நிற்காது, சரேலென்று கீழே இறங்கும். இறங்கியது.

இவர் முதல் ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டனலிலும், குதிக்கும் தளமான டிராப் ஸோனிலும் பயிற்சி கொடுப்பது என் வேலை. "டனலில் பத்து நிமிடம் பறந்தால் பத்துத் தடவை குதித்த மாதிரி" என்று புதியவர்கள் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்தக் கணக்கு ஒரு விதத்தில் சரியாக இருப்பதுதான் தொல்லை. 13,000 அடியில் விமானத்தை விட்டு, வயிறு தரையைப் பார்த்தபடி விழுகிறவர் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தை எட்டுகிறார். பாராசூட்டை விரிக்கும்வரை அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். ஆக, பத்து நிமிட டனலில் பத்துக் குதிப்பின் ஃப்ரீஃபால் நேரம், அதாவது பாராசூட் விரியும்வரை விழும் நேரம், கிடைத்துவிடுகிறது. ஆனால் ஒரு குதிப்பு என்பது அந்த ஒரு நிமிடம்தானா?

வரிசையாகப் பாருங்கள். ஏறுவதற்கு முன் கியர் பரிசோதனை. கதவருகே வந்ததும் ஸ்பாட் (குதிக்க வேண்டிய இடம்) பார்ப்பது, முன்னால் போன குழுவுக்கு இடைவெளி விடுவது. வெளியேறும்போது காற்று கீழிருந்து வராது, விமானம் போகும் திசையிலிருந்து வரும். முதல் பத்து வினாடிகளில்தான் அது மெல்லச் சரிந்து கீழ்ப்பக்கத்துக்கு மாறும். டனலில் இந்தப் பத்து வினாடி கிடையவே கிடையாது. குழுவாகக் குதித்தால், பேசிவைத்த உயரத்தில் பிரிந்து திரும்பி ட்ராக் செய்து (உடம்பை நீட்டிப் பக்கவாட்டில் பாய்ந்து) மற்றவர்களை விட்டு விலக வேண்டும். டனலில் ட்ராக் செய்தால் அடுத்த நொடி சுவர். அப்புறம் வேவ் ஆஃப் (விரிக்கப்போகிறேன் என்று கையை ஆட்டுவது), பைலட் சூட்டை (பாராசூட்டை வெளியே இழுக்கும் குட்டிக் குடை) எடுத்து வீசுவது, கேனப்பி ஒழுங்காக விரிந்ததா, திருப்பினால் திரும்புகிறதா என்று பார்ப்பது, இல்லையென்றால் அதைக் கழற்றிவிட்டு ரிசர்வை (மாற்றுப் பாராசூட்டை) இழுப்பது. அதற்கும் பிறகு சில நிமிடம் கேனப்பியை ஓட்ட வேண்டும். பல இடங்களில் சொல்லிக்கொடுக்கும் வழக்கப்படி, 1,000 அடியில் காற்றோடு போகும் பக்கம், 600 அடியில் குறுக்குப் பக்கம், 300 அடியில் காற்றை எதிர்த்து நேராக, கடைசியில் ஃப்ளேர் (இரண்டு டாகிளையும் இழுத்து வேகத்தைக் குறைப்பது). டனல் சொல்லிக்கொடுப்பது இந்த மொத்த வரிசையில் நடுவில் இருக்கும் முக்கால் நிமிடத்தை மட்டும்.

விபத்து அறிக்கைகளை எடுத்துப் படியுங்கள். நன்றாக விரிந்த கேனப்பிக்குக் கீழே, தரையிறங்கும் நேரத்தில் நடந்தவை திரும்பத் திரும்ப வரும். அந்தப் பகுதியில் ஒரு நிமிடம்கூட டனல் உங்களைப் பழக்குவதில்லை. உங்கள் லாக் புக்கில் முப்பது குதிப்பு இருந்தால், கேனப்பி விஷயத்தில் நீங்கள் முப்பது குதிப்புக்காரர்தான். டனலில் எத்தனை மணி நேரம் இருந்தாலும் அது முப்பத்தொன்று ஆகாது. ஆனால் நடப்பது என்ன? "நீதான் நல்லாப் பறக்கிறியே" என்று மூத்தவர்கள் பெரிய குழுவுக்குக் கூப்பிடுகிறார்கள். "இந்தப் பெரிய கேனப்பி உனக்கு எதுக்கு" என்று ஒருவர் சின்னதைக் கையில் கொடுக்கிறார். வயிற்றைத் தரைக்குக் காட்டி அழகாகப் பறக்கத் தெரிவதற்கும், கேனப்பியின் அளவைக் குறைப்பதற்கும் துளியும் சம்பந்தம் இல்லை. கொடுப்பவர்களையும் சேர்த்தே சொல்கிறேன்: தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

அடுத்தது உயரம். டனலில் தரை மேலே வராது. நேரம் முடிந்தால் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் விளக்கைக் காட்டுவார், நீங்கள் கதவு வழியாக வெளியே வருவீர்கள். இப்படியே பழகியவருக்குக் கண் எப்போதும் கோச் முகத்தில் இருக்கும், உயரமானி கட்டும் மணிக்கட்டுக்குப் போகாது. வானத்தில் வயிற்றுவாக்கில் விழும்போது ஒவ்வொரு 1,000 அடியும் ஆறு வினாடிக்குள் கரைந்துவிடும். பிரிய வேண்டிய உயரம் கடந்தபிறகும் எதிரே இருப்பவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, பிடியைச் சரிசெய்துகொண்டு இருப்பவர்களில் டனலில் வளர்ந்தவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று சொல்லவில்லை. பார்க்க வேண்டும் என்ற பழக்கம் உடம்பில் ஏறவில்லை, அவ்வளவுதான். அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் விதிப்படி ஏ உரிமக்காரர் 3,000 அடிக்குக் கீழே போகாமல் விரிக்க வேண்டும். அந்த உயரத்திலிருந்து எதுவும் விரியாமல் விழுந்தால் தரைக்கு இருப்பது பதினேழு வினாடி. ரிசர்வைத் தானாக விரித்துவிடும் ஏ.ஏ.டி. கருவி இருக்கிறதே என்பவர்கள், அது வேலை செய்வது எத்தனை அடியில் என்று ஒரு தடவை கையேட்டைத் திறந்து பார்க்கட்டும்.

தலைகீழாகப் பறப்பவர்களுக்கு இது இன்னும் நெருக்கடி. 250 கிலோமீட்டர் வேகத்தில் 1,000 அடிக்கு நாலரை வினாடிதான். டனலில் நிலை தவறி வயிற்றுவாக்குக்கு வந்துவிட்டால் மேலே எகிறுவீர்கள், கோச் காலைப் பிடித்து இழுத்துவிடுவார். வானத்தில் அதே தவறு நடந்தால் உங்கள் வேகம் சட்டென்று குறையும், உங்களுக்கு மேலே இருப்பவர் முழு வேகத்தில் வந்து உங்கள்மேல் மோதுவார். தலைகீழ்ப் பறத்தலுக்கு உங்கள் கியர் தகுந்ததா என்றுகூடக் கேட்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வேகத்தில் பாராசூட் தானாகத் திறந்துகொண்டால் என்ன ஆகும் என்று உங்கள் ரிக்கரிடம் (பாராசூட்டை மடித்துப் பராமரிப்பவர்) கேளுங்கள்.

இவ்வளவு சொன்னபிறகும், மாணவர்களை டனலுக்கு அனுப்புவதில் நான்தான் முதல் ஆள். பயிற்சியின் ஒரே கட்டத்தில் திரும்பத் திரும்பத் தவறும் மாணவருக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. ஒரு கால் நீண்டு, ஒரு கால் மடங்கி இருந்தால் உடம்பு தானாகச் சுற்றும். வானத்தில் அந்த மாணவருக்குத் தான் சுற்றுவது தெரியும், ஏன் என்று தெரியாது. டனலில் சுவரும் கண்ணாடியும் அருகிலேயே இருப்பதால் பின்னால் நழுவுவது, ஓரம் போவது எல்லாம் அந்த நொடியே தெரிந்துவிடும். கோச் இரண்டு விரலை நீட்டினால் காலை நீட்டு, மடக்கினால் காலை மடக்கு. அரை நிமிடத்தில் சரியாகிவிடும். (காலில் கோளாறு என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு உண்மையில் இடுப்பில்தான். இடுப்பைத் தளர்த்தி முன்னே கொடுத்தால் கால் தானாக ஒழுங்குக்கு வரும்.) பயத்தில் விறைத்துப்போகிறவர்களுக்கும் அப்படித்தான். அவர்களுக்கு ஒரே தேவை, ஆபத்து இல்லாமல் காற்றில் கிடக்கும் சில நிமிடங்கள்.

எனவே போங்கள், யோசித்துப் போங்கள். சுற்றுலாவுக்கு வருகிறவர்களுக்கான டிக்கெட்டை வாங்கிவிட்டுப் பயிற்சி என்று எண்ணாதீர்கள். ஸ்கைடைவர் என்று சொல்லிப் பதிவுசெய்து, கோச் தானும் குதிப்பவரா என்று நேரடியாகக் கேளுங்கள். டனலில் அபாரமாகப் பறந்தும் விமானத்திலிருந்து குதித்தே பார்க்காதவர்கள் நிறையப் பேர். அவர்கள் திறமைசாலிகள்தான், ஆனால் உங்களுக்கு எது தேவை என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை. பதினைந்து நிமிடத்தை இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டு இரண்டு இரண்டு நிமிடமாகப் பறங்கள். ஒரே மூச்சில் பறந்தால் தோள் சோர்ந்துவிடும், சோர்ந்த உடம்பு தவறான நிலையைத்தான் கற்றுக்கொள்ளும். முதலில் வயிற்றுவாக்கு. முன்னே, பின்னே, பக்கவாட்டில், மேலே, கீழே, நின்ற இடத்தில் திருப்பம் எல்லாம் கைக்கு வந்தபிறகு மற்றது. தலைகீழ் எங்கேயும் ஓடிப்போகாது.

ஒவ்வொரு சுற்றிலும் சில வினாடிக்கு ஒரு தடவை வெறும் மணிக்கட்டையாவது பாருங்கள். சுற்று முடியும்போது கையை ஆட்டி, வலது கையைப் பைலட் சூட் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள், அதே நேரத்தில் இடது கை தலைக்கு முன்னே வரட்டும். ஒரு கை மட்டும் போனால் உடம்பு சாயும். அது தெரிய வேண்டிய இடம் டனல்தான். கோச் அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள். முன்பு தோள்மூட்டு விலகியிருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். காற்று கையைப் பின்னால் இழுத்துச் செல்லும் விதம் அந்தத் தோளுக்கு ஆகாது.

குதிக்க முடியாத மாதங்கள் முழுக்க டனலில் கழித்துவிட்டு நேராக விமானம் ஏறுகிறவர்களுக்கு: ஏ உரிமக்காரர் 60 நாள் குதிக்காமல் இருந்தால் பயிற்சியாளர் மேற்பார்வையில் திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சங்கத்தின் பரிந்துரை, டனல் நேரம் அந்தக் கணக்கில் வராது. அன்றைக்கு நண்பர்களின் குழுவில் சேராதீர்கள். தொங்கும் ஹார்னஸில் (பாராசூட் வாரில்) கேனப்பியைக் கழற்றிவிடும் பயிற்சியைச் செய்துவிட்டு, முதல் குதிப்பைக் கேனப்பிக்கென்றே வைத்துக்கொண்டு உயரத்திலேயே விரியுங்கள். இரண்டு டாகிளையும் பாதி இழுத்து வைத்து மெல்லத் திரும்பும் திருப்பத்தை அங்கே, அவ்வளவு உயரத்தில், கை பழகும்வரை செய்து பாருங்கள். தரைக்கு அருகில் யாராவது குறுக்கே வந்தால் உதவப்போவது அதுதான். உயரத்தில் விரிக்கப்போவதை விமானத்தில் ஏறுவதற்கு முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள், வெளியேறும் வரிசையில் உங்களைப் பின்னால் வைப்பார்கள்.