காணொளிக்கு ஏது மட்டம்?

எலக்ட்ரான் கற்றையால் சிலிக்கான் வில்லையில் நுண்கோடு வரையும் இயந்திரத்துக்கு, யாரோ தமிழாக்கிய பயிற்சிக் குறிப்பு ஒன்று எங்கள் ஆய்வகத்தில் உலவுகிறது. அதில் ஒரு படி: 'காணொளி சைகை அளவுகளைச் சரிசெய்க.' ஆங்கிலத்தில் வீடியோ சிக்னல் லெவல் என்பதைத்தான் இப்படி ஆக்கியிருக்கிறார்கள். புதிதாக வந்த மாணவர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, மானிட்டரின் அடியில் விரலால் துழாவிப் பொத்தானைக் கண்டுபிடித்து, திரையின் வெளிச்சத்தைக் கூட்டினார். படம் பளிச்சென்று ஆனது. இயந்திரமோ குறி கிடைக்கவில்லை என்று மறுபடியும் அதே பிழையைக் காட்டியது. மாணவர்மேல் தப்பில்லை. காணொளி என்றால் திரையில் ஓடுவது. அதைச் சரிசெய்யச் சொன்னால் யாரும் திரையைத்தான் தொடுவார்கள்.

வீடியோ லத்தீன் சொல். 'காண்கிறேன்' என்று பொருள். 1930களில் தொலைக்காட்சிக்காரர்கள் ஆடியோவுக்கு ஜோடியாக இதை எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் பூர்வீகம். கவனிக்க வேண்டியது அடுத்த கட்டம். இரண்டாம் உலகப் போர்க்கால ராடார் பொறியாளர்கள், திரும்பி வந்த அலையிலிருந்து பிரித்தெடுத்த மின்னழுத்தத்தையே வீடியோ என்றார்கள். பல ராடார்களில் அது திரையில் ஒரு கோடும் அதன்மேல் ஒரு முட்டும்தான். ஆக, பொறியாளர் வாயில் வீடியோ என்பது சினிமா அல்ல, ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தம்.

எங்கள் இயந்திரத்திலும் அதேதான். வில்லையின் மூலையில், இடத்தைச் சரிபார்க்க, தங்கத்தால் ஒரு சிலுவைக் குறி இருக்கும். கற்றை அதைக் குறுக்கே கடக்கும்போது எலக்ட்ரான்கள் கொஞ்சம் பின்னால் சிதறித் திரும்புகின்றன. சிலிக்கானில் 100க்கு ஏறக்குறைய 20 திரும்பும், தங்கத்தில் பாதிக்குப் பாதி. திரும்பியவற்றை உணரி பிடித்து மின்னழுத்தமாக்கித் தருகிறது. சிலிக்கான்மேல் தாழ்வு, தங்கத்தின்மேல் மேடு, மறுபடி தாழ்வு. அந்த மேட்டின் இரண்டு ஓரங்களையும் பார்த்துத்தான் இயந்திரம் குறியின் நடுவைக் கணக்கிடுகிறது. இந்த மின்னழுத்தத்தை எத்தனை மடங்காக்குகிறோம் என்பது பெருக்கம், ஆங்கிலத்தில் கெயின். அது அதிகமானால் மேட்டின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். குறைந்தால் மேடு இரைச்சலில் முங்கிவிடும். கற்றையின் மின்னோட்டத்தை 1 நானோ ஆம்பியரிலிருந்து 10க்கு மாற்றினால் மேடும் பத்து மடங்காகும். அப்போதெல்லாம் மட்டத்தை மறுபடி வைக்க வேண்டும். இதில் காணொளி எங்கே வந்தது?

அந்தச் சொல்லையே கொஞ்சம் உரசிப் பார்ப்போம். காண் + ஒளி, வினைத்தொகை: காணும் ஒளி. அப்படியானால் தெருவிளக்கும் காணொளிதான். சரி, வழங்கிவிட்டது, கல்யாண வீட்டில் எடுப்பதற்கு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் எங்கள் இயந்திரத்தின் கூண்டுக்குள் காண ஒளியே கிடையாது; கற்றையும் எலக்ட்ரான், திரும்பி வருவதும் எலக்ட்ரான். 'காணொலிதான் சரி, அதில் ஒலியும் உண்டே' என்று ஒரு கட்சி நெடுங்காலமாக வாதாடுகிறது. அதையும் இலக்கணப்படி பிரித்தால் காணும் ஒலி. ஒலியை எந்தக் கண்ணால் காண்பது? தவிர, கூண்டுக்குள் வெற்றிடம். அங்கே ஊசி விழுந்தாலும் ஓசை வராது.

நான் சொல்வது 'படக்குறிகை'. கற்றை ஊர்ந்து செல்லும்போது இந்த மின்னழுத்தம்தான் புள்ளி புள்ளியாகத் திரையில் படம் தீட்டுகிறது. படத்தை ஆக்கும் குறிகை என்று விரியும். படமே போடாமல் குறியை மட்டும் தேடும்போதும் இந்தப் பெயர் பொருந்துமா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. குடிக்காமல் கால் கழுவினாலும் குடிநீர்க் குழாய் குடிநீர்க் குழாய்தானே. சைகை எனக்குப் பிடிக்கவில்லை, கண்டக்டர் கை காட்டுவதுபோல் இருக்கிறது. சமிக்ஞை பழகிய சொல், வேண்டுவோர் எழுதட்டும். குறிகை, வருகை செய்கை போல இயல்பாக விழுகிறது.

அடுத்தது மட்டம். 'மட்டமான படம்' என்ற நினைப்பு வருமே என்று ஒரு நண்பர் தயங்கினார். நீர்மட்டம் என்று செய்தியில் கேட்கும்போது மட்டமான தண்ணீர் என்றா நினைக்கிறோம்? ஏறவும் இறங்கவும் கூடியது மட்டம். 'அளவு' என்று போட்டால் எவ்வளவு என்பது மட்டும்தான் தெரியும், எங்கே நிற்கிறது என்பது தெரியாது.

அதே குறிப்பில் பெருக்கத்தை 'ஆதாயம்' என்று எழுதியிருக்கிறார்கள். 'ஆதாயத்தை அதிகரிக்கவும்.' மளிகைக் கடைக்காரருக்குச் சொல்ல வேண்டிய புத்திமதி! இரண்டு குமிழ்கள், இரண்டு வேலைகள். பெருக்கத்தைத் திருகினால் மேட்டுக்கும் தாழ்வுக்கும் இடைவெளி விரியும். அடிமட்டத்தைத் திருகினால் மொத்தக் கோடும் அப்படியே ஏறும், இறங்கும். இந்த இரண்டு வாக்கியங்களை எழுத அகராதி தேவையில்லை, குமிழை ஒரு தடவை திருகிப் பார்த்திருந்தால் போதும். லித்தோகிராஃபி என்று முடியும் இயந்திரத்தின் பெயரையே 'எலக்ட்ரான் கற்றைக் கல்லச்சு' என்று மொழிபெயர்த்தவரிடம் அதை எதிர்பார்க்க முடியவில்லை. லித்தோகிராஃபியைக் கண்டுபிடித்த செனபெல்டர் 1796-இல் பவேரியாவில் சுண்ணாம்புக் கல்லில் அச்சடித்தார், உண்மை. இங்கே கல் எங்கே இருக்கிறது?

இதையெல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதிக் குறிப்பைத் தயாரித்தவர்களுக்கு அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துத் திருத்திய பதிப்பு வந்தது. ஆதாயம் அப்படியே இருக்கிறது, கல்லும் இருக்கிறது. காணொளி இருந்த இடமெல்லாம் காணொலி ஆகியிருக்கிறது.