வலுவூட்டல் கற்றல்: சொல் விளக்கம்

ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் என்பதைத் தமிழில் வலுவூட்டல் கற்றல் என்கிறோம். சரியான விடையை யாரும் சொல்லித் தராமல், செய்ததற்குக் கிடைத்த பலனை வைத்தே கணினி தன் அடுத்த செயலைத் திருத்திக்கொள்ளும் முறை இது.

ஆங்கில மூலச்சொல் படைக்கு மேலும் ஆள் அனுப்பிப் பலம் சேர்ப்பதைக் குறித்தது. ரஷ்ய அறிவியலாளர் பாவ்லோவின் நாய் ஆய்வுகள் 1927-இல் ஆங்கிலத்தில் வந்தபோது அது விலங்குகளின் கற்றல் பற்றிய ஆய்வுக்குள் நுழைந்தது. கருத்து இன்னும் பழையது. 1898-இல் அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக் பூனைகளைப் பெட்டியில் அடைத்து வெளியே இரை வைத்தார். தற்செயலாகத் தாழைத் திறந்த அசைவு, அடுத்தடுத்த முறை சீக்கிரம் வந்தது. வெறும் பிறாண்டல் குறைந்துபோனது. அந்த நிலைக்கும் அந்தச் செயலுக்கும் உள்ள பிணைப்புதான் வலுக்கிறது. ஆகவே 'பரிசுவழிக் கற்றல்' என்பதைவிட 'வலுவூட்டல்' என்பதே சரி.

ராமேஸ்வரம் அருகிலுள்ள மண்டபம் ஊரில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர் வடகடலா தென்கடலா என்று முடிவெடுப்பதைக் கணக்காக்கிப் பாருங்கள். எந்தக் காற்று வீசுகிறது என்பது 'நிலை', கடலைத் தேர்வது 'செயல்', மீன்பாடு, அதாவது பிடிபட்ட மீனின் அளவு, 'வெகுமதி'. கச்சான் எனும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் வடகடலில் 20 கிலோ எதிர்பார்த்த கணினி நிரலுக்கு 30 கிலோ கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். வேறுபாடு 10. வேறுபாட்டில் எவ்வளவு பங்கைச் சேர்ப்பது என்பதே கற்றல் வீதம். அது 0.1 என்றால் அதில் 1 மட்டும் சேர்ந்து மதிப்பு 21 ஆகும். வீதம் 0.9 என்றால் 29. ஒருநாள் அடித்த மீன்பாட்டை வழக்கமென்று நம்பிவிடும். 0.001 என்றால் பாடு குறைந்தாலும் பழைய கணக்கிலேயே நிற்கும். வாடைக் காற்றையும் கச்சானையும் தனித்தனி நிலைகளாகக் கொடுக்காவிட்டால் இரண்டையும் கலந்து சராசரியாக்கி, இரண்டிலும் தவறும். பத்தில் ஒருமுறையாவது மற்றக் கடலையும் முயலவிட வேண்டும். இல்லையேல் முதலில் நன்றாக வந்ததையே பிடித்துக்கொள்ளும்.

இந்த 'வேறுபாடு' மூளையிலும் உண்டு என்பது இத்துறையின் அழகான கண்டுபிடிப்பு. குரங்குக்கு எதிர்பாராமல் சாறு கிடைத்தால் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்பணுக்கள் துடிக்கும். முன்கூட்டியே தெரிந்து கிடைத்தால் துடிப்பு எழாது. 1997-இல் ஷுல்ட்ஸ், தயான், மாண்டேகு என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதைக் கணினிக் கணக்கோடு பொருத்திக் காட்டினார்கள்.

வெகுமதியைத் தவறாக வரையறுப்பதுதான் பெரிய பிழை. 2016-இல் செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓப்பன்ஏஐ ஒரு படகுப் பந்தய விளையாட்டில் புள்ளிகளை வெகுமதியாக வைத்தது. படகு பந்தயத்தை முடிக்காமல், ஓரிடத்திலேயே சுற்றிச் சுற்றிப் புள்ளி சேர்த்தது. கிலோவை மட்டும் எண்ணினால் நம் நிரலும் டீசலை எரித்து மலிவான காரல் மீனைத் துரத்தும். ஏலத்தில் கிடைத்த ரூபாயிலிருந்து டீசல், ஐஸ் செலவைக் கழித்த மிச்சத்தையே வெகுமதியாகக் கொடுக்க வேண்டும்.