கொக்கிக்கையன்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு தொங்குவதைப் பார்த்தவர்களுக்குக் கொக்கி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சாக்கை அதில் மாட்டிவிட்டால் முள் ஆடி நிற்கும்வரை எல்லார் கண்ணும் அங்கேதான். இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கம், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்தில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகன், "கப்டன் ஹூக்னா என்ன மாமா?" என்று கேட்டபோது அந்தத் தராசுக் கொக்கியைத்தான் சொன்னேன். "அப்ப அவரு பேரே கொக்கியா?" என்றான்.

கொக்கி நம் சொல்தான். கொளுவு, கொளுக்கி என்றும் சொல்வதுண்டு. மலையாளத்தில் கொக்க, கன்னடத்தில் கொக்கெ. யாழ்ப்பாணத்தார் மாங்காய் பறிப்பது கொக்கத்தடியால். ஹூக் என்பதோடு ஓசை ஒத்துப்போவது தற்செயல். அது பழைய ஆங்கிலச் சொல்.

ஜே. எம். பாரியின் 'பீட்டர் பான்' 1904இல் நாடகமாக மேடையேறியது, 1911இல் நாவலானது. அதில் வரும் கடற்கொள்ளையன் கப்டன் ஹூக்கின் வலக்கையைப் பீட்டர் வெட்டி முதலைக்குப் போட்டுவிடுகிறான். (1953ஆம் ஆண்டு டிஸ்னி படத்தில் கொக்கி இடக்கைக்கு மாறிவிட்டது.) கை போனதற்கு அவன் அழுதுகொண்டிருக்கவில்லை. தலைவாரக்கூட இதுதான் வசதி என்று பெருமை பேசுகிறான். ஹூக் அவனது உண்மையான பெயர் அல்ல என்கிறார் பாரி. அந்தப் பெயரை அவர் கடைசிவரை சொல்லவே இல்லை.

உறுப்பை வைத்து ஆளுக்குப் பெயர் வருவது தமிழுக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் இதைச் சினைப்பெயர் என்று தனி வகையாகவே வைத்திருக்கிறது; உரைகாரர்கள் காட்டும் உதாரணம் முடவன். இயற்பெயரையும் சேர்த்து முடக்கொற்றன் என்றால் சினைமுதற்பெயர். காலில் தீப்பட்டதால் கரிகாலன் என்பார்கள். அவனைப் பொருநராற்றுப்படையில் பாடியவரோ முடத்தாமக்கண்ணியார்!

ஆனால் முடவன் என்ற சொல் குறையைச் சொல்கிறது. ஹூக் என்ற பெயரில் குறையே இல்லை. போன கையைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது, அந்த இடத்துக்கு வந்த இரும்புதான் பெயர். அதனால் 'ஒற்றைக்கையன்' என்று மொழிபெயர்த்தால் ஆளே மாறிவிடுவான், பாவப்பட்டவனாகத் தெரிவான். வெறும் 'கொக்கி' என்றால் கதவுக்கு மாட்டுவதுதான் நினைவுக்கு வரும். கொக்கிக்கையன் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கப்டனுக்கு மீகாமன் என்ற நல்ல சொல் உண்டு என்றாலும் சின்னப் பிள்ளைகளுக்குக் கப்டனே போதும்.

எங்கள் தோட்டத்திலும் ஒருவர் இருந்தார், மூணுவிரல் தாத்தா. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டு இரண்டு விரல் போனவர். போனதை விட்டுவிட்டு மிச்சம் இருந்ததைத்தான் எண்ணிப் பெயர் வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் பையன், "அவரோட நெசப் பேரு?" என்றான். எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆளுங்க பேரு பதியிற செக்ரோல்ல இருந்திருக்கும்" என்றார்.