கடுகு தின்ற மாடும் வெள்ளி ரதத்துப் படமும்

மலேசியாவில், பினாங்கின் பிறை நகரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். தாத்தாவின் அலமாரியை ஒழித்தபோது பென்டக்ஸ் கே1000 கேமரா ஒன்று கிடைத்ததாம். படங்களை எண்ணிக் காட்டும் முள் 22-இல் நிற்கிறது. 1994 தைப்பூசத்தில் வெள்ளி ரதம் போனபோது தாத்தா எடுத்த கறுப்பு வெள்ளை ரோல் இன்னும் உள்ளேயே இருக்கிறது. கழுவக் கொடுப்பதற்குள் அவர் போய்விட்டார் என்று அம்மா சொல்லியிருக்கிறார். மாணவியின் கேள்வி இதுதான்: "முப்பது வருஷமா கழுவாத பிலிம்ல படம் இருக்குமா? இருந்தா, எங்க இருக்கும்?"

இரண்டாவது கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அதற்குப் பதில் கிடைக்கவே விஞ்ஞானத்துக்கு நூறு வருடம் ஆனது.

முதலில் அவசரச் செய்தி: பின்மூடியைத் திறந்துவிடாதீர்கள். அந்த 22 ஒரு நல்ல அறிகுறி. கே1000-இல் மூடியைத் திறந்தால் எண்ணும் முள் தொடக்கத்துக்குப் போய்விடும். அது 22-இல் நிற்கிறதென்றால் தாத்தாவுக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை என்று நம்பலாம்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1976 முதல் 1997 வரை தயாரான மாடல் அது. பேட்டரி வெளிச்சத்தை அளக்க மட்டும்தான். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கில் ஓடுகிறது, பேட்டரி செத்துப்போனாலும் படம் எடுக்கலாம். நல்ல வெயில் என்றால் அளவுமானியும் வேண்டாம். லென்ஸின் துவாரத்தை 16-இல் வைத்து, பிலிமின் வேகம் (ஒளியை உணரும் திறன்) 400 என்றால் ஷட்டரை 500-இல் வைப்பார்கள். அதாவது ஒரு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. தேங்காய் உடைபடும் சத்தத்துக்கு நடுவே தாத்தாவும் அப்படித்தான் வைத்திருப்பார். ஷட்டர் திறந்து மூடியது. சரி, அந்த நேரத்துக்குள் பிலிமில் என்ன நடந்தது?

பிலிமின் மேல் ஜெலட்டின் என்னும் பசை மெல்லிசாகப் பூசியிருக்கும். மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கும் பசை. அதற்குள் கோடிக்கணக்கில் சில்வர் புரோமைடு படிகங்கள். உப்புக்கல் மாதிரியான படிகம்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தச் சின்னக் கல்லுக்குள்ளும் பல நூறு கோடி வெள்ளி அயனிகள் (மின்னூட்டம் ஏறிய அணுக்கள்) அடுக்கி நிற்கின்றன.

ரதத்தின் மேல் பட்டுத் தெறித்த ஒளித்துகள் ஒன்று படிகத்துக்குள் வருகிறது. ஒரு புரோமைடு அயனியிடமிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கிவிடுகிறது. வீடிழந்த அந்த எலெக்ட்ரான் படிகம் முழுக்க அலைந்து, ஏதாவது ஒரு குறைபாடு உள்ள இடத்தில், ஒரு குழியில் விழுந்ததுபோல மாட்டிக்கொள்கிறது. மாட்டிக்கொண்ட எலெக்ட்ரானின் எதிர்மின்னூட்டம், படிகத்துக்குள் நழுவித் திரியும் நேர்மின் வெள்ளி அயனி ஒன்றை இழுக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு வெள்ளி அணு.

ஒற்றை அணு நிலைக்காது. ஒரு சில விநாடிக்குள் உடைந்து, எலெக்ட்ரான் மறுபடி அலையக் கிளம்பிவிடும். அது உடைவதற்குள் அடுத்த எலெக்ட்ரான் அதே குழிக்கு வந்து சேர்ந்தால் இரண்டு அணு ஆகும். அப்புறம் மூன்று, நான்கு. நான்கு அணு அளவுக்குக் கூடிவிட்டால் அது நிலைத்துவிடும். மங்கிய வெளிச்சத்தில், குத்துவிளக்கு மட்டும் எரியும் இடத்தில், கணக்குப் போட்டதைவிடக் கூடுதல் நேரம் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டியிருப்பது இதனால்தான். ஒளித்துகள்கள் ஒவ்வொன்றாகச் சாவகாசமாக வரும்போது, முதல் அணு துணை வருவதற்குள் உடைந்துபோகிறது.

நூறு கோடிகளில் நான்கு! மாணவி கேட்ட "எங்க இருக்கும்" என்பதற்குப் பதில் இந்த நான்கு அணுக்கள்தான். எந்தப் பூதக்கண்ணாடியாலும் பார்க்க முடியாது. கழுவாத பிலிமை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, பார்த்த அந்தக் கணமே படமும் போய்விடும். மறைந்திருக்கும் இந்தப் படத்தை 1840-இல் கண்டுபிடித்தவர் இங்கிலாந்துக்காரரான டால்பட். வெறுமையாகத் தெரிந்த தாளைக் காலிக் அமிலம் கலந்த கரைசலில் நனைத்தார். படம் எழும்பி வந்தது. நம் கடுக்காயில் இருக்கிற அதே காலிக் அமிலம்தான்.

பிலிம் கழுவும்போது நடப்பது இதுதான். டெவலப்பர் என்பது எலெக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும் ஒரு ரசாயனம். ஆனால் எல்லாப் படிகத்துக்குள்ளும் அதனால் சுலபமாக நுழைய முடியாது. நான்கு அணு வெள்ளிப் பொட்டு எங்கே இருக்கிறதோ, அங்கே மட்டும் கதவு திறந்திருக்கிறது. அந்தக் கதவு வழியாக எலெக்ட்ரான்கள் பாய்ந்து, படிகத்தில் இருக்கும் அத்தனை வெள்ளி அயனிகளையும் வெள்ளியாக்கிவிடுகின்றன. நான்கு அணு சில நிமிடத்தில் பல நூறு கோடி அணுவாகிறது. பக்கத்தில் பொட்டு இல்லாத படிகம் அப்படியே கிடக்கும், அதை ஹைப்போ என்னும் இன்னொரு ரசாயனம் கரைத்து எடுத்துவிடும். மிஞ்சுவது வெள்ளி. கறுப்பாகத் தெரிந்தாலும் அது சுத்தமான வெள்ளிதான். தாத்தா வெள்ளி ரதத்தை வெள்ளியிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

இனி கடுகுக்கு வருவோம். எலெக்ட்ரான் மாட்டிக்கொள்ளும் அந்தக் குழி எப்படி உண்டானது?

1920-களில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில், கோடாக் ஆய்வுக்கூடத்தில் ஷெப்பர்ட் என்ற வேதியியலாளர் ஒரு புதிருடன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு பீப்பாய் ஜெலட்டினில் செய்த பிலிம் அருமையாகப் படம் பிடிக்கிறது. இன்னொரு பீப்பாய் இன்னும் சுத்தமானது, ஆனால் அதில் செய்த பிலிம் மந்தம். அவர் ஜெலட்டினைக் கூறு கூறாகப் பிரித்துத் தேடி, 1925-இல் விடையை வெளியிட்டார். நல்ல ஜெலட்டினில் கந்தகச் சேர்மம் இம்மியளவு இருந்தது, பத்து லட்சத்தில் சில பங்கு. கடுகுக்குக் காரம் கொடுக்கும் எண்ணெயின் இனம் அது. மேய்ச்சலில் கடுகுச் செடி தின்ற மாடுகளின் தோலோடு அது வந்திருந்தது! அந்தக் கந்தகம் படிகத்தின் மேல் வெள்ளி சல்ஃபைடு பொட்டுகளாக ஒட்டிக்கொள்கிறது. எலெக்ட்ரானைப் பிடிக்கும் குழி அதுதான். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதற்கு இதைவிட அழகான சாட்சி எனக்குத் தெரியாது.

கடுகு என்ன செய்கிறது என்று ஷெப்பர்ட் கண்டுபிடித்தார். ஏன் அப்படிச் செய்கிறது, எலெக்ட்ரான் எப்படி அலைகிறது, வெள்ளி அயனி எப்படி நகர்ந்து வந்து சேர்கிறது என்று 1938-இல் விளக்கியவர்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்னி, மாட் என்ற இருவர். அவர்கள் பிலிம் விற்கிறவர்கள் இல்லை. உப்புப் படிகத்துக்குள் எலெக்ட்ரான் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட இயற்பியலாளர்கள். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு வருகிறவரிடம் "இதனால் எத்தனை மாதத்தில் என்ன லாபம்?" என்று மட்டும் கேட்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் எனக்கு வருத்தம்தான். மந்தமான பசையைச் சரிசெய்யும் ஆய்வுக்கும் காசு வேண்டும், உப்புக்கல்லின் உள்ளே எட்டிப் பார்க்கும் ஆய்வுக்கும் காசு வேண்டும். ஒன்று மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதை பாதியில் நின்றிருக்கும்.

இன்னொரு வருத்தமும் உண்டு. எங்கள் பாட்டி கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். படம் எடுத்தால் ஆயுசு குறையும், மூன்று பேர் சேர்ந்து நின்றால் நடுவில் நிற்பவருக்கு ஆகாது என்று கேமராவைக் கண்டாலே உள்ளே போய்விடுவார். உப்பும் மிளகாயும் கடுகும் சுற்றிப் போட்டு எங்களுக்குக் கண் கழித்த கை அது. அதே உப்பும் கடுகும்தான் பிலிமுக்குக் கண் கொடுத்தன என்று அவரிடம் சொல்ல எனக்கு அப்போது தெரியவில்லை. இன்று எங்களிடம் இருப்பது அவருடைய ஐசி (அடையாள அட்டை) படம் மட்டும். படம் யாருடைய ஆயுளையும் எடுப்பதில்லை. அந்த நம்பிக்கைதான் எங்களிடமிருந்து பாட்டியின் முகத்தை எடுத்துக்கொண்டது.

சரி, முப்பது வருடம் அந்த நான்கு அணு தாக்குப்பிடிக்குமா? 1897-இல் ஆந்திரே என்ற சுவீடன்காரர் இரண்டு தோழர்களுடன் பலூனில் வடதுருவத்துக்குக் கிளம்பினார். பலூன் பனியில் இறங்கிவிட்டது. மூவரும் ஒரு பனித்தீவில் இறந்துபோனார்கள். அவர்களுடைய உடைமைகளும் பிலிம்களும் 1930-இல்தான் கிடைத்தன. 33 வருடம் கழித்துக் கழுவியதில் 93 படங்கள் தேறின. பனியில் விழுந்து கிடக்கும் பலூனும் பக்கத்தில் நிற்கும் மனிதர்களும் இன்றும் தெளிவாகத் தெரிகிறார்கள்.

ஆனால் அது துருவக் குளிர். பினாங்கு அலமாரி வேறு. வெப்பமும் ஈரமும் இரண்டு பக்கமும் அடிக்கும். ஆக்சிஜனும் ஈரமும் சேர்ந்து அந்த நான்கு அணுக்களை மறுபடி அயனியாக்கப் பார்க்கும். அப்படிப் படம் மெல்ல மறையும். இன்னொரு பக்கம், வெளிச்சமே படாத படிகத்திலும் வெப்பம் எலெக்ட்ரானை உதறி எழுப்பிப் பொய்ப் பொட்டு வைக்கும். அதனால் பிலிம் முழுக்கச் சாம்பல் படரும். ஆகவே தெளிவான படத்தை எதிர்பார்க்காதீர்கள். மூடுபனிக்குள் நிற்கிற மாதிரி ஒரு ரதம் தெரிந்தால் அதுவே பெரிய விஷயம். ரோலின் உள்சுற்றுகள் வெளிச்சுற்றுகளைவிட நன்றாக இருக்க வாய்ப்பு உண்டு.

நானும் வீட்டுக் குளியலறையில் பிலிம் கழுவுகிறவன்தான். கரைசல் 20 டிகிரியில் இருக்க வேண்டும்; எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் 28, 29. கோப்பிக் கடையில் ஐஸ் வாங்கி வந்துதான் ஒவ்வொரு முறையும் தொடங்குவேன். முதல் தடவை ஐஸ் போடாமல் கழுவி, ஒரு ரோல் முழுக்கக் கெட்டுப்போனது. தாத்தாவின் ரோலில் அப்படிப் பழக வேண்டாம், அனுபவமுள்ள இருட்டறைக்காரரிடம் கொடுங்கள்.

அதற்கு முன் ரோலை வெளியே எடுக்க வேண்டும். கேமராவின் அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். மேலே இடது பக்கக் குமிழில் மடிந்திருக்கும் கைப்பிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் பக்கமாகச் சுற்றுங்கள். பழைய பிலிம் முறியும், மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றி முடிவதற்குள் குமிழை மேலே இழுக்க வேண்டாம், மூடி திறந்துவிடும். கையில் இருந்த இறுக்கம் சட்டென்று விட்டு, குமிழ் லேசாகச் சுழலத் தொடங்கியதும் திறக்கலாம். உருளையைக் காற்றுப் புகாத பைக்குள் போட்டு, மேலே "1994 தைப்பூசம், கறுப்பு வெள்ளை, முப்பது வருடம் வெக்கையில் இருந்தது" என்று எழுதுங்கள். கழுவக் கொண்டுபோகும் நாள்வரை அது ஐஸ்பெட்டியில் இருக்கட்டும்.