ஃபெரெட்டுக்குக் காய்கறி உணவாகுமா?

கீரியைப் போல நீண்ட உடல் கொண்ட சிறு வளர்ப்பு விலங்கான ஃபெரெட்டுக்குக் காய்கறி உணவு அல்ல. சிகிச்சைக்கு வரும் ஃபெரெட்டுகளின் உணவுமுறையைக் கேட்டறியும்போது, கேரட், பட்டாணி, வெள்ளரி என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அவற்றின் மீது மிகுந்த அன்பும் அக்கறையும் கொண்டவர்களாகவே இருக்கிறார்கள் என்பதால், இதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். நம் உடலுக்கு நல்லது நாம் வளர்க்கும் உயிருக்கும் நல்லதாகத்தான் இருக்கும் என்று அவர்கள் நம்புகிறார்கள். ஃபெரெட்டின் குடல் அதற்கு இடம் கொடுப்பதில்லை.

முயல்களை வளைகளிலிருந்து விரட்டுவதற்காக, ஐரோப்பியப் போல்கேட் என்னும் வேட்டை விலங்கிலிருந்து மனிதர்கள் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாகப் பழக்கி வளர்த்துவரும் உயிரினம் ஃபெரெட். நாயைப் போலக் கிடைப்பதைத் தின்று சமாளிக்க அதனால் இயலாது. பூனையைப் போல அது முழுமையான ஊனுண்ணி. வளர்ந்த ஃபெரெட்டுக்கு உள்ள 34 பற்களில் கடைவாய்ப் பற்கள் கத்தரிக்கோலின் அலகுகளைப் போல ஒன்றையொன்று உரசி இறைச்சியை வெட்டுபவை. தாவர நார்ச்சத்தை அரைத்து மெல்லும் பரப்பு அவற்றில் மிகக் குறைவு. முயலுக்கும் குதிரைக்கும் பெருங்குடலின் தொடக்கத்தில் சீக்கம் என்னும் பை உண்டு. அங்குதான் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைச் சிதைத்துச் சத்தாக மாற்றுகின்றன. ஃபெரெட்டுக்கு அந்தப் பையே கிடையாது. உண்ட உணவு மூன்று நான்கு மணி நேரத்துக்குள் குடலைக் கடந்து வெளியேறிவிடுவதால், தாவரச் செல்களின் சுவரை உடைப்பதற்கான இடமும் இல்லை, நேரமும் இல்லை. கேரட் தின்ற ஃபெரெட்டின் மலத்தில் ஆரஞ்சு நிறத் துண்டுகள் தின்றபடியே கிடப்பதற்கு இதுவே காரணம்.

அப்படி வெளியேறிவிட்டால் பெரிய கேடில்லை. கடினமான பச்சைத் துண்டு ஒன்று குறுகிய குடலில் சிக்கிக்கொண்டால் நிலைமை வேறு. உணவை மறுப்பது, சோர்ந்து கிடப்பது, குமட்டலால் வாயைக் கால்களால் பிறாண்டுவது, மலம் குறைவது அல்லது தார் போலக் கறுத்துப்போவது ஆகியவை தென்பட்டால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. சமைத்தாலும் பொடியாக்கினாலும் அந்த நச்சுத்தன்மை போவதில்லை.

இருந்தாலும் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது தட்டில் வைக்கும் காய்கறித் துண்டு அல்ல, உலர்தீனிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் தாவரப் பொருள்தான். ஃபெரெட்டின் உணவில் 30 முதல் 40 விழுக்காடு வரை புரதமும், குறைந்தது 15 முதல் 20 விழுக்காடு கொழுப்பும் இருக்க வேண்டும். நார்ச்சத்து 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பொதியின் மேல் அச்சிட்டிருக்கும் புரத அளவைப் பார்த்துவிட்டு நிம்மதியடைபவர்கள் பலர். அந்தப் புரதம் கோழியிலிருந்து வந்ததா, பட்டாணியிலிருந்து வந்ததா என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்காது. "தானியம் இல்லாதது" என்ற அறிவிப்பும் அவ்வாறே: தானியத்தை நீக்கிய இடத்தில் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு ஆகியவற்றை நிரப்பியிருப்பார்கள்.

இதன் விளைவைச் சிறுநீர்ப்பையில் காண்கிறோம். இறைச்சி உண்ணும் ஃபெரெட்டின் சிறுநீர் அமிலத்தன்மை கொண்டது. தாவரப் புரதம் மிகும்போது அது காரத்தன்மைக்கு மாற, மக்னீசியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து ஸ்ட்ரூவைட் என்னும் கற்களாகப் படிகின்றன. சிஸ்டின் என்னும் வேறு வகைக் கற்களோ, பருப்பு வகைகள் மிகுந்த தானியமற்ற உணவோடு தொடர்புபடுத்தப்படுகின்றன. ஆண் ஃபெரெட்டின் சிறுநீர்ப்பாதை மிகக் குறுகலானது. ஆண்குறியிலுள்ள வளைந்த எலும்பின் அருகே சிறு கல்லொன்று தங்கினாலும் சிறுநீர் அடியோடு நின்றுபோகும். முக்கி முக்கியும் சிறுநீர் சொட்டாக வருவதை மலச்சிக்கல் என்று எண்ணிக் காலம் தாழ்த்தினால் உயிர் போய்விடக்கூடும்.

இன்சுலினோமா என்னும் கணையக் கட்டி நடுவயது ஃபெரெட்டுகளிடம் மிகவும் பரவலாகக் காணப்படுகிறது. மாவுச்சத்தும் இனிப்பும்தான் அதை உண்டாக்குகின்றன என்பது நிறுவப்பட்டதல்ல. ஆனால் கட்டி ஏற்பட்ட பிறகு, சர்க்கரை நிறைந்த ஒரு துண்டு இன்சுலினைத் திடீரெனத் தூண்டி, அதன்பின் இரத்தச் சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்திவிடும். பின்னங்கால்கள் தளர்வது, வெறித்துப் பார்ப்பது, எச்சில் வடிவது ஆகியவை அதன் அறிகுறிகள். மூன்று வயதைக் கடந்த ஃபெரெட்டுக்கு இனிப்பான காய், பழம் எதையும் கொடுக்க வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

"அதுவே விரும்பித் தின்கிறதே" என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஃபெரெட் எதை உணவாக ஏற்கும் என்பது முதல் ஆறு மாதங்களில் அது முகர்ந்து பழகும் மணங்களால் பெரிதும் தீர்மானிக்கப்படுகிறது. இனிப்பின் மீது அதற்கு இயல்பாகவே நாட்டமும் உண்டு. எனவே அது விரும்புவதை, அதன் உடலுக்கு அது தேவை என்பதற்கான சான்றாகக் கொள்ள முடியாது. எப்போதோ ஒரு முறை, விரல்நுனி அளவு வெந்த பூசணி வயிற்றுக்குள் போய்விட்டால் பதற வேண்டியதில்லை. பரிசாகக் கொடுப்பதற்கு மசாலா சேர்க்காத கோழித் துண்டு, வெந்த முட்டை, உலர்த்திய இறைச்சி ஆகியவை இருக்கும்போது காய்கறியைத் தேட வேண்டியதும் இல்லை. வீட்டில் இறைச்சியைக் கையாள மனம் ஒப்பாதவர்கள், ஃபெரெட்டைச் சைவத்துக்குப் பழக்க முயல்வதைவிட முயலையோ கினிப்பன்றியையோ வளர்ப்பது இரு தரப்புக்கும் நல்லது.

தாவரப் பொருள் மிகுந்த தீனியை இதுவரை கொடுத்து வந்தவர்கள் அதை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. புதிய தீனி தனக்குப் பழகாத மணம் என்பதால் ஃபெரெட் பட்டினி கிடக்கத் தயங்காது. சில மணி நேரப் பட்டினியே அதன் இரத்தச் சர்க்கரையைக் குறைத்துவிடும். பழைய தீனியோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஒன்றிரண்டு வாரங்களில், வயதான ஃபெரெட்டாக இருந்தால் இன்னும் மெதுவாக, விகிதத்தைக் கூட்டிக்கொண்டே செல்லுங்கள். நாய்த் தீனி எந்த நிலையிலும் மாற்றாகாது. ஃபெரெட்டுக்கென்றே தயாரித்த தீனி கிடைக்காவிட்டால், இறைச்சியை முதல் மூலப்பொருளாகக் கொண்ட தரமான பூனைக்குட்டித் தீனி பொருந்தும். மருத்துவரிடம் வரும்போது தீனிப் பொதியையும் கையோடு எடுத்து வந்தால், மூலப்பொருள் பட்டியலைப் பார்த்து அதைத் தொடரலாமா வேண்டாமா என்பதை அங்கேயே முடிவு செய்துவிடலாம்.