கடன் தொகுப்பு: ‘போர்ட்ஃபோலியோ’ என்னும் சொல்லும் அதற்குரிய தமிழும்

அமெரிக்கக் கடன் சங்கம் (கிரெடிட் யூனியன்) ஒன்றின் ஆண்டறிக்கையைத் தமிழில் எழுத உட்காருகிறவர், ‘கமர்ஷியல் ரியல் எஸ்டேட் லோன் போர்ட்ஃபோலியோ’ என்ற தொடரில் வந்து நின்றுவிடுவார். முதல் மூன்று பகுதிகளுக்கும் தமிழ் கிடைத்துவிடும். வணிகம், அசையாச் சொத்து, கடன் என்பவை பத்திரப்பதிவு அலுவலகம் வரை பழகிய சொற்கள். ‘ரியல்’ என்பது இங்கே ‘உண்மையான’ என்று பொருள்படாது. பொருள், உடைமை என்பதைக் குறிக்கும் இலத்தீன் ‘ரேஸ்’ என்பதிலிருந்து சட்டமொழி வழியாக வந்தது அது. ஆகவே ‘அசையாச் சொத்து’ என்ற நம் வழக்கே அதற்குப் போதும். கடைசியில் நிற்கும் ‘போர்ட்ஃபோலியோ’தான் இடறுகிறது.

அதன் பிறப்பிடம் இத்தாலிய மொழி. ‘போர்ட்டாரே’ என்றால் சுமத்தல், ‘ஃபோல்யோ’ என்றால் தாள். இரண்டும் சேர்ந்து தாள்களைச் சுமக்கும் உறை என்றாயின. ‘ஃபோல்யோ’வுக்கு மூலமான இலத்தீன் ‘ஃபோலியம்’ மரத்தின் இலையைக் குறிப்பது. எழுதும் தாளுக்கு இலையின் பெயரை வைத்ததில் அவர்களும் நாமும் ஒன்றுதான். ஓலையும் ஏடும் நமக்கு அப்படித்தான் வந்தன. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் போர்ட்ஃபோலியோ ‘ஏட்டுப்பை’ ஆகும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் அது ஓவியங்களையும் உதிரித் தாள்களையும் வைக்கும் பையாகவே இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அமைச்சர் கையிலிருக்கும் கோப்புப் பையின் பெயரை அவருடைய பொறுப்புக்கே ஆக்கினார்கள். அந்தப் பொருளுக்கு நாம் அரபி மூலமுள்ள ‘இலாகா’வை வைத்துக்கொண்டு, ‘இலாகா இல்லாத அமைச்சர்’ என்று இன்றும் செய்தி எழுதுகிறோம். பரஸ்பர நிதியில் பணம் போட்டவருக்குத் தரப்படும் ‘ஃபோலியோ எண்’ணிலும் அந்தப் பழைய தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வங்கித் தொழிலில் பை மறைந்து உள்ளிருந்தவை மட்டும் எஞ்சின. கடன் பத்திரங்களை வைத்திருந்த உறையின் பெயர் அந்தப் பத்திரங்களின் மொத்தத்துக்கு ஆயிற்று. அதற்கும் மேலே ஒரு பொருள், 1952-இல் ஹாரி மார்க்கோவிட்ஸ் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு உறுதிப்பட்டது. ஒவ்வொரு முதலீட்டின் இடரையும் தனித்தனியே அளந்து கூட்டினால் மொத்தத்தின் இடர் கிடைக்காது, அவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்று அவர் காட்டினார். 1990-இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, இன்று நிதித்துறையில் ‘போர்ட்ஃபோலியோ’ என்பவர் குவியலைச் சொல்லவில்லை. உறுப்புகளுக்கு இடையிலுள்ள உறவையும் சேர்த்தே சொல்கிறார்.

இதை மனத்தில் வைத்துத் தமிழ்ச் சொற்களைப் பார்க்கலாம். ‘கடன் பட்டியல்’ என்று எழுதுவோர் உண்டு. பட்டியல் என்பது பெயர்களின் வரிசை, அவ்வளவே. ‘திரட்டு’ சற்றே மேல் என்றாலும், திரட்டப்பட்டவை ஒன்றையொன்று பாதிக்கும் என்ற குறிப்பு அதில் இல்லை. ‘தொகுப்பு’ அப்படியன்று. தொகு என்னும் வினையடியிலிருந்து தொகையும் தொகுப்பும் தொகுதியும் வந்தன. இலக்கணத்தில் தொகை என்பது சொற்கள் இடையிலுள்ள உருபை மறைத்துக்கொண்டு ஒன்றாக நிற்பது. ‘எல்லாத் தொகையும் ஒருசொல் நடைய’ என்பது தொல்காப்பியம். பல சொற்கள் சேர்ந்திருந்தாலும் தொகை ஒரு சொல்லைப் போலவே நடக்கும் என்பது அதன் பொருள். பல கடன்கள் சேர்ந்து ஒரே கடன் போல நடந்துகொள்வதைத்தானே தொகுப்பு மேலாளர் அஞ்சுகிறார்? ‘கடன் தொகுப்பு’ என்பதை நான் பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம்.

‘கிரெடிட் யூனியன்’ என்பதையும் ஒரு வார்த்தை பார்த்துவிடலாம். ‘கடன் ஒன்றியம்’ என்று எழுதினால் ஊராட்சி ஒன்றியம் நினைவுக்கு வரும். நம்மிடம் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கங்கள் ஏற்கெனவே உள்ளன. கிரெடிட் என்பது நம்புதல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நாணயம் என்றால் நம் ஊரில் காசும் உண்டு, சொன்ன சொல் காக்கும் நேர்மையும் உண்டு. இதைவிட நேரான மொழிபெயர்ப்பு கிடைப்பது அரிது. இருந்தாலும் எளிமை கருதி ‘கடன் சங்கம்’ என்றே இங்கே தொடர்கிறேன். வட அமெரிக்காவில் அதற்கு வித்திட்டது கனடாவின் லெவி நகரில் அல்ஃபோன்ஸ் தெஷார்தான் 1900-இல் தொடங்கிய சங்கம். பாஸ்டன் வணிகர் எட்வர்ட் ஃபைலீன் 1907-இல் இந்தியாவுக்கு வந்து கிராமக் கூட்டுறவுக் கடன் முறையைக் கண்டு திரும்பியதும் அமெரிக்க இயக்கத்துக்கு உரமாயிற்று. கூட்டாட்சிச் சட்டம் வந்தது 1934-இல்.

வங்கிக்குப் பங்குதாரர் உண்டு. கடன் சங்கத்துக்கு உறுப்பினரே உரிமையாளர். ஓர் ஊரார், ஒரு நிறுவனத்தின் பணியாளர் என்று ஏதேனும் ஒரு பொதுப் பிணைப்பு உள்ளவர்களே உறுப்பினராகலாம். அந்தப் பிணைப்பே சங்கத்தின் வலிமை, கடன் தொகுப்பைப் பொறுத்தவரை அதுவே வலுக்குறைவும் ஆகிறது. ஒரே ஊரில் கடைவரிசைக் கட்டடம், மருத்துவர் அறைகள், சேமிப்புக் கிடங்கு, அடுக்ககம் என்று பத்துக் கடன்கள் கொடுத்திருப்பதாகக் கொள்வோம். கட்டடங்கள் பத்தும் வேறு வேறு, கடனாளிகளும் வேறு வேறு. ஆனால் ஊரின் பெரிய மருத்துவமனை மூடப்பட்டால் பத்திலும் வாடகை ஒரே காலத்தில் குறையும். இதற்குச் செறிவு இடர் என்று பெயர். அசையாச் சொத்து அல்லாவிடினும் இதற்கு மிகத் தெளிவான சான்று நியூயார்க் டாக்சி உரிமப் பட்டயங்கள். 2014 அளவில் 10 லட்சம் டாலருக்கு மேல் விலைபோன அவற்றை ஈடாக வாங்கிக் கடன் கொடுத்துவந்த மெல்ரோஸ் கடன் சங்கம், செயலி வழி வாடகைக் கார்கள் பெருகிப் பட்டய விலை சரிந்த பின்னர் 2018-இல் கலைக்கப்பட்டது.

இத்தகைய செறிவுக்குச் சட்டமும் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. 1998-ஆம் ஆண்டின் சட்டப்படி, உறுப்பினருக்குக் கொடுக்கும் தொழிற்கடன்களின் மொத்த நிலுவை, பொதுவாகச் சங்கத்தின் சொத்தில் 12.25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இந்த விந்தையான எண், நல்ல மூலதன நிலைக்குத் தேவையான நிகர மதிப்பை, அதாவது பொறுப்புகள் போக எஞ்ச வேண்டிய, சொத்தில் 7 விழுக்காட்டை, 1.75-ஆல் பெருக்கிக் கிடைத்தது. 50 கோடி டாலர் சொத்துள்ள சங்கத்துக்கு அது 6.125 கோடி டாலர். சங்கத்தின் உண்மையான நிகர மதிப்பு அந்த 7 விழுக்காட்டுக்கும் குறைவாயின் வரம்பும் குறையும். குறைந்த வருமானத்தாருக்குரியவை என அறிவிக்கப்பட்ட சங்கங்களுக்கு இதில் விலக்கு உண்டு. சட்டம் வரம்பு விதிப்பது தொகுப்புக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். தனிக் கடனுக்கான விதியோ எதிர்த்திசையில் நகர்ந்தது: ஈட்டுச் சொத்தின் மதிப்பில் பொதுவாக 80 விழுக்காட்டுக்கு மேல் கடன் கூடாது என்று முன்பு எண்ணாலேயே கட்டுப்படுத்திய தேசியக் கடன் சங்க நிர்வாக அமைப்பு (இச்சங்கங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு), 2017 சனவரி 1 முதல் அந்த எண்ணை எடுத்துவிட்டு, கொள்கை வகுத்து இடரைக் கண்காணிக்கும் பொறுப்பை அந்தந்தச் சங்கத்தின் ஆட்சிக்குழுவிடமே விட்டது.

கண்காணிப்பு என்பதன் உள்ளடக்கம் ஒரு கணக்கில் தெரியும். 10 லட்சம் டாலர் கடன், 4 விழுக்காடு வட்டி, 25 ஆண்டுத் தவணைக் கணக்கு, ஆனால் ஐந்தாம் ஆண்டு முடிவில் மிச்ச அசலை மொத்தமாகக் கட்டவோ புதுப்பிக்கவோ வேண்டும். ஆண்டுத் தவணை ஏறத்தாழ 63,340 டாலர். கட்டடத்தின் செலவு போக வருமானம் 79,180 டாலர் என்றால், வருமானம் தவணையைப் போல 1.25 மடங்கு, கடன் கொடுப்போர் பொதுவாக எதிர்பார்க்கும் அளவு. ஐந்தாண்டில் மிச்ச அசல் சுமார் 8,71,000 டாலர். அதை 7 விழுக்காட்டில் மீண்டும் 25 ஆண்டுக்குப் புதுப்பித்தால் தவணை 73,880 டாலராகி, விகிதம் 1.07-க்கு இறங்கிவிடும். கடனாளி ஒரு தவணையும் தவறவில்லை, வாடகைதாரர் யாரும் போகவில்லை. கடன் மட்டும் மெலிந்துவிட்டது. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சுக்கும் 2023 சூலைக்கும் இடையே தன் வட்டியைப் பூச்சியத்துக்கு அருகிலிருந்து 5.25–5.50 விழுக்காட்டுக்கு ஏற்றியபோது, ஒரே ஆண்டில் முதிரும் கடன்கள் எத்தனை என்ற கேள்வி தொகுப்பு மேலாளர்களின் முதல் கேள்வியாயிற்று. வருமானத்துக்கும் தவணைக்கும் உள்ள விகிதத்துக்குத் ‘தவணை தாங்கு விகிதம்’ என்ற பெயர் பொருந்தும்.

வட்டி இறங்கினால் வேறு தொல்லை. கடனை முன்கூட்டியே அடைப்பவரிடம், கூட்டாட்சி அரசின் உரிமம் பெற்ற கடன் சங்கம் அபராதம் வாங்கச் சட்டம் இடங்கொடாது. ஆதலால் நல்ல கடனாளி வேறிடம் போய்விடுவார், போக முடியாதவர் தங்குவார். தொகுப்பின் தரம் சத்தமில்லாமல் தாழும். செறிவைக் குறைக்கச் சங்கங்கள் பெரிய கடன்களைத் தமக்குள் பகிர்வதும் உண்டு. இதைப் ‘பங்கேற்புக் கடன்’ எனலாம். கடனை முதலில் கொடுத்த கூட்டாட்சிச் சங்கம் குறைந்தது 10 விழுக்காட்டைத் தன் கையிலேயே வைத்திருக்க வேண்டும்.

எனவே முழுத் தொடர் ‘வணிக அசையாச் சொத்துக் கடன் தொகுப்பு’ என்றாகும். நீளம் என்று தோன்றினால், முதல் முறை முழுதாக எழுதிவிட்டுப் பிறகு ‘கட்டடக் கடன் தொகுப்பு’ என்று சுருக்கலாம். ஆனால் ‘கட்டடக் கடன்’ என்று மட்டும் நிறுத்தினால் அது ஒற்றைக் கடனாகப் படிக்கப்படும். அலுவலக வளாகங்கள் மட்டும், ஒரே ஆண்டில் முதிர்வன மட்டும் என்று பிரித்துப் பார்க்கும் உட்பிரிவுக்குத் ‘துணைத்தொகுப்பு’ என்பது சரியாக அமையும். ‘போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட்’ என்பதைக் ‘கடன் வசூல் நிர்வாகம்’ என்று எழுதியிருப்பதையும் பார்த்திருக்கிறேன், அது பிழை. வசூல் ஒரு கடனாளியின் வாசலில் நடப்பது. தொகுப்பு மேலாண்மையில் அடுத்த கடனைக் கொடுக்கலாமா, கொடுத்ததில் எதைப் பகிர்ந்துகொள்ளலாம் என்ற முடிவுகளும் அடங்கும்.