‘ஃபில்டர் மாற்றப்பட்டது’ என்று எழுதினால் போதுமா?

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் டேவிஸ்-பெஸ்ஸி என்றொரு அணுமின் நிலையம் இருக்கிறது. 1999 வாக்கில் அங்கே ஒரு சின்னத் தொல்லை ஆரம்பித்தது. உலைக்கட்டடத்துக் காற்றில் கதிரியக்கம் கூடுகிறதா என்று பார்க்கும் கருவியின் ஃபில்டர்கள் சீக்கிரமே அடைத்துக்கொண்டன. மாதம் ஒருமுறை மாற்றி வந்ததை வாரக்கணக்கில் மாற்ற வேண்டியதாயிற்று. 2001 இறுதியில் ஒன்றுவிட்டு ஒரு நாள். ஃபில்டரில் படிந்திருந்தது துருத்தூள்.

ஆலைக்குள் இது பதிவாகாமல் போகவில்லை. குறை அறிக்கைகள் எழுதப்பட்டன, ஃபில்டர்கள் மாற்றப்பட்டன. காற்றைக் குளிர்விக்கும் கருவிகளில் வெள்ளையாகப் படிந்த போரிக் அமிலத்தையும் திரும்பத் திரும்பக் கழுவினார்கள். 2000-இல் எரிபொருள் மாற்ற உலையை நிறுத்தியபோது அதன் மூடியிலிருந்து செந்நிறப் படிவு வழிந்திருந்தது. அதைப் படமும் எடுத்தார்கள். ஆனாலும் மூடியை முழுதாகச் சுத்தம் செய்து பார்க்காமலே உலை மறுபடி ஓடியது.

2002 மார்ச்சில்தான் விஷயம் தெரிந்தது. இவ்வகை உலையில் நியூட்ரான்களை உறிஞ்சுவதற்காகக் குளிர்விப்பு நீரில் போரிக் அமிலம் கலந்திருக்கும். மூடியைத் துளைத்துச் செல்லும் ஒரு குழாயில் விரிசல் விட்டு, அந்த நீர் கசிந்திருக்கிறது. தண்ணீர் ஆவியாகிவிட, செறிந்த அமிலம் எஃகைத் தின்றிருக்கிறது. ஆறரை அங்குலத்துக்கு மேல் தடிமனான எஃகு அந்த இடத்தில் இல்லவே இல்லை. உள்பக்கம் பூசியிருந்த, ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத துருப்பிடிக்காத எஃகுத் தகடு மட்டும் சுமார் 150 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. 2005-இல் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்கு 54.5 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

ஆலைகளின் நிகழ்வு அறிக்கைகளைப் படிப்பது என் வேலையில் ஒரு பகுதி. புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இதுதான். காரணம், இதே மாதிரி அறிக்கைகளைத்தான் எங்கும் பார்க்கிறேன். ‘எடுத்த நடவடிக்கை’ கட்டம் நிரம்பி வழியும். ‘காரணம்’ என்ற இடத்தில் ‘வழக்கமான தேய்மானம்’ என்று இரண்டே சொல். வேலை முடிந்ததும் அறிக்கையையும் மூடிவிடுவார்கள். அடுத்த வாரம் அதே கோளாறு புது எண்ணோடு வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் கிடையாது.

அதனால் எழுதும்போதே கொஞ்சம் பார்த்து எழுதுங்கள். போன முறை எப்போது மாற்றினோம், அதற்கு முந்தைய முறை எப்போது என்ற தேதிகள் வேண்டும். படிந்தது என்ன நிறம், ஈரமா தூளா, மாதிரி ஆய்வகத்துக்குப் போயிற்றா என்பதும் வேண்டும். கண்ணால் பார்த்ததையும் ஊகத்தையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். முக்கியமாக, ‘இந்தத் துரு எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை’ என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். அந்த ஒரு வரி இருந்தால் அறிக்கையை அவ்வளவு எளிதில் மூட முடியாது. (மூடுவதற்கென்றே ஒரு கூட்டம் மாதக் கடைசியில் உட்காரும் என்பது வேறு விஷயம்.)

நன்றாக எழுதியும் வீணாவது உண்டு. அதுவும் இதே டேவிஸ்-பெஸ்ஸியில் ஆரம்பித்த கதைதான். 1977 செப்டம்பர் 24 அன்று அங்கே ஓர் அழுத்த நிவாரண வால்வு (அழுத்தம் கூடினால் திறந்து குறைப்பது) திறந்தபடியே சிக்கிக்கொண்டு, அதன் வழியே குளிர்விப்பு நீர் வெளியேறியது. நீர்மட்டக் காட்டி ஏறுவதைப் பார்த்து, தண்ணீர் போதும் என்று நினைத்து, அவசர நீரேற்றத்தை ஆபரேட்டர்கள் குறைத்தார்கள். உலை அப்போது 9 சதவீதத் திறனில்தான் ஓடியது. சுமார் 20 நிமிடத்தில் விஷயம் பிடிபட்டு, சேதமில்லாமல் முடிந்தது. உலையை வடிவமைத்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பெர்ட் டன் இதைச் சும்மா விடவில்லை. முழுத் திறனில் இது நடந்திருந்தால் எரிபொருளே சேதமாகலாம், எல்லா ஆலைகளுக்கும் புது வழிமுறை போக வேண்டும் என்று 1978 பிப்ரவரியில் குறிப்பு எழுதினார். அது அலுவலகத்துக்குள்ளேயே துறை துறையாகச் சுற்றியது. 1979 மார்ச் 28 அதிகாலை, அதே நிறுவனம் வடிவமைத்த, பென்சில்வேனியா மாநிலத்தின் த்ரீ மைல் ஐலண்ட் உலையில் அதே மாதிரி வால்வு சிக்கியது, அங்கேயும் ஆபரேட்டர்கள் நீரேற்றத்தைக் குறைத்தார்கள். கசிவு அடைபட இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. உலையின் மையத்தில் கிட்டத்தட்ட பாதி உருகிவிட்டது.

இன்று அமெரிக்காவில் விதிகள் கறாராகவே இருக்கின்றன. அவசரநிலை அறிவித்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும். மற்றவற்றுக்கு வகையைப் பொறுத்து நான்கு அல்லது எட்டு மணி நேரம். விரிவான எழுத்தறிக்கைக்கு 60 நாள். சரி, ஊர்மக்களுக்கு? மின்னசோட்டா மாநிலத்தின் மான்டிசெல்லோ அணுமின் நிலையத்தில் ஒரு குழாயிலிருந்து டிரிட்டியம் (கதிரியக்கமுள்ள ஹைட்ரஜன்) கலந்த நீர் சுமார் 15 லட்சம் லிட்டர் கசிந்தது. 2022 நவம்பர் 22 அன்றே ஆணையத்துக்கும் மாநில அரசுக்கும் தகவல் போனது. ஆணையத்தின் இணையதளத்திலும் குறிப்பு வந்தது. ஆனால் நிலையத்தை நடத்தும் நிறுவனம் மக்களிடம் வாய் திறந்தது 2023 மார்ச்சில். குடிநீருக்குப் பாதிப்பில்லை என்று அது சொன்னபோது, கேட்டவர்களின் முதல் கேள்வி ‘ஏன் இவ்வளவு நாள்?’ என்பதுதான்.

நம் கூடங்குளத்திலும் 2019-இல் இப்படி ஒன்று. கட்டுப்பாட்டு அமைப்புகள் மீது இணையத் தாக்குதல் நடக்க வாய்ப்பே இல்லை, பரவுவது பொய்த் தகவல் என்று அக்டோபர் 29 அன்று நிலையம் அறிக்கை விட்டது. மறுநாளே அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான வலையமைப்பில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் (மால்வேர்) இருந்தது உண்மை என்றது. அந்தத் தகவல் செப்டம்பர் 4 அன்றே வந்திருந்ததாம். நிர்வாகக் கணினி விஷயத்தையும் முதல் நாளே சேர்த்துச் சொல்லியிருந்தால், இரண்டு அறிக்கைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருக்காது.

கடைசியாக ஒன்று. எந்த ஆலையிலும் கசிவை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளிதான். தரை துடைப்பவர், சாரம் கட்டுபவர், குழாய்க்கு இன்சுலேஷன் போடுபவர். அறிக்கை எழுதும் கணினியில் நுழைய அவருக்குக் கணக்கு இருக்காது. சொன்னால் கேட் பாஸ் போய்விடுமோ என்ற பயமும் இருக்கும். அவர் வாயால் சொல்வதை ஷிஃப்ட் பொறுப்பாளர் அவர் முன்னாலேயே தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, அறிக்கை எண்ணை அவர் கையில் கொடுத்துவிடலாம். ‘அண்ணே, நீங்க சொன்ன இடத்தைப் பார்த்தாச்சு, வால்வு பேக்கிங்தான்’ என்று மறுநாள் வந்து சொல்வதற்கும் பெரிதாகச் செலவில்லை. பதில் வந்தால்தான் அவர் அடுத்த முறையும் சொல்வார்.